புட்டியைத் திருப்பிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளியில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கும், வேலை முடிந்து சற்றுக் காற்று வாங்க உட்காருபவர்களுக்கும் பொதுவான தொல்லை பூச்சிக்கடி. அதற்கு எந்த விரட்டியை வாங்குவது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

விரட்டிப் புட்டியின் முன்பக்கத்தில் பச்சை இலையும் சிரிக்கும் குழந்தையும் இருக்கும். ‘இயற்கையானது’, ‘கூடுதல் வீரியம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டுப் புட்டியைத் திருப்புங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் பெயரும் அது எத்தனை சதவீதம் என்பதும் இருக்கும். வாங்கலாமா வேண்டாமா என்பதைச் சொல்வது அந்த ஒரு வரிதான். அந்த வரி இல்லாத புட்டியை நான் வாங்குவதில்லை.

அங்கே அதிகம் பார்க்கக்கூடிய பெயர் டீட். 1940-களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது; 1957-இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. இது கொசுவைக் கொல்வதில்லை. நம் மூச்சுக்காற்றையும் வியர்வை வாடையையும் பிடித்துக்கொண்டுதான் கொசு நம்மைத் தேடி வருகிறது. அந்த மோப்பத்தை டீட் குழப்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

இப்போது சதவீதத்துக்கு வருவோம். 30 சதவீதம் என்றால் 10 சதவீதத்தைவிட மூன்று மடங்கு பலமாக விரட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த எண் பலத்தைச் சொல்வதைவிட நேரத்தைத்தான் சொல்கிறது. 10 சதவீத டீட் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாங்கும். 25 சதவீதத்தை ஒட்டியது ஐந்து மணி நேரம் வரை தாங்கும். 50-ஐத் தாண்டிவிட்டால் சதவீதம் கூடினாலும் நேரம் பெரிதாகக் கூடுவதில்லை. ஆகவே முக்கால் மணி நேரம் செடிக்குத் தண்ணீர் விடப் போகிறவர் நூறு சதவீதப் புட்டியைத் தேட வேண்டியதில்லை. நாள் முழுக்க நில அளவை செய்கிறவர் 7 சதவீதத்தை வாங்கினால் புட்டி தீருமே தவிர, கடி தீராது.

டீட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது பிளாஸ்டிக்கை இளக்கும். தடவிய கையோடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் சட்டத்தில் விரல்ரேகை அப்படியே பதிந்து நிற்கும், கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக் மூடி மங்கும், பேனா பிசுபிசுக்கும். ரேயான், ஸ்பாண்டெக்ஸ் துணிகளையும் அது கெடுக்கும். பருத்தி, கம்பளி, நைலானுக்கு ஒன்றும் ஆகாது. கேமராவோ அளவைக் கருவியோ கையாள்கிறவர்களுக்கு நான் சொல்வது பிக்காரிடின் என்ற இன்னொரு விரட்டி மருந்து. ஐகாரிடின் என்றும் போட்டிருப்பார்கள். பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, வாடையும் குறைவு. 20 சதவீதம் இருந்தால் டீட்டுக்குச் சமமாகவே வேலை செய்யும்.

சரி, மூலிகை எண்ணெய்கள்? பட்டியலில் தைரியமாகச் சேர்க்கக்கூடியது எலுமிச்சை யூகலிப்டஸிலிருந்து எடுக்கும் பி.எம்.டி. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் அதைத் தடவக் கூடாது. அதே மரத்தின் வாசனை எண்ணெய் என்று சிறு புட்டியில் கிடைப்பது வேறு சரக்கு, அதை நம்பாதீர்கள். சிட்ரொனெல்லா என்ற புல் எண்ணெய் வாசனைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 2002-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், சோதித்த சிட்ரொனெல்லா தயாரிப்புகளில் பெரும்பாலானவை இருபது நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. விரட்டி ஊறவைத்த கைப்பட்டைகள் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யவில்லை. ஒலி எழுப்பிக் கொசுவை ஓட்டுவதாகச் சொல்லும் கருவிகளைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

நல்லதாக வாங்கியும் கடிபடுகிறவர்கள் நிறையப் பேர். காரணம், தடவும் விதம். விரட்டி பூசிய இடத்தை மட்டுமே காக்கும். பூசிய கையைச் சுற்றிப் பறக்கும் கொசு ஓடிப்போவதில்லை. இறங்க இடம் தேடுகிறது. காலுறைக்கும் கால்சட்டை விளிம்புக்கும் இடையே தெரியும் இரண்டு விரல் அகலத் தோல், காதின் பின்புறம், முழங்கையின் அடிப்பக்கம் என்று விட்டுப்போன இடமாகப் பார்த்து உட்காரும். சுவருக்கு வெள்ளையடிப்பது போல இடைவெளி விடாமல் பூச வேண்டும். கெட்டியாக அப்ப வேண்டாம், மெல்லிய பூச்சு போதும். முகத்துக்கு நேராக ஸ்பிரே அடிக்காதீர்கள். உள்ளங்கையில் எடுத்து, கண்ணையும் வாயையும் விட்டுத் தடவுங்கள். துணி மூடிய தோலுக்குத் தேவையில்லை. வியர்த்துக் கொட்டினாலோ, துண்டால் துடைத்தாலோ, புட்டியில் போட்ட நேரம் செல்லாது. மறுபடி பூச வேண்டும்.

வெயிலில் நிற்பவர்கள் முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு விரட்டி என்ற வரிசையில் போடுங்கள். இரண்டும் கலந்த ஒரே லோஷனை நான் பரிந்துரைப்பதில்லை. சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். விரட்டியை அத்தனை முறை பூசினால் அளவு மீறிவிடும்.

எப்போது பூசுவது? பொழுது சாய்ந்ததும் என்பது பழைய கணக்கு. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸுக்கு அது பொருந்தும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். காலையிலும் மாலைக்கு முந்தைய வேளையிலும் அதன் ஆட்டம் அதிகம்.

புதர், உயரமான புல் இருக்கும் இடத்தில் வேலை என்றால் கொசுவோடு உண்ணியும் சேர்ந்துகொள்ளும். அங்கே துணிக்குத்தான் முதல் கவனிப்பு. வெளிர் நிறத்தில் முழுக்கை, முழுக்கால். கால்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். அப்புறம் பெர்மெத்ரின். இது விரட்டுவதோடு நிற்காமல் பூச்சியைக் கொல்லவும் செய்யும். உடைக்கும் காலணிக்கும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே போட வேண்டும். தோலில் படவே கூடாது. பூனை வளர்க்கிறீர்கள் என்றால் ஈரத் துணிப் பக்கம் அதை விடாதீர்கள். பூனைக்கு இது விஷம். மீனுக்கும் அப்படியே, அதனால் மிச்சத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். வீடு திரும்பியதும் அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடி ஓரம் என்று தடவிப் பார்த்து உண்ணியைத் தேடுங்கள்.

குழந்தைகளுக்குப் பெரியவர்கள்தான் பூசிவிட வேண்டும். விரல்களில் பூசாதீர்கள், அடுத்த நிமிடம் வாய்க்குள் போகும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு எதையும் தடவாமல் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். உள்ளே வந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். இரவெல்லாம் அது தோலில் கிடக்க வேண்டியதில்லை.

கடைசியாக, அடிக்கடி வரும் கேள்வி: குளவிக்கும் தேனீக்கும் இது கேட்குமா? கேட்காது. அவை இரத்தம் தேடி வருவதில்லை, தம்மையும் கூட்டையும் காக்கவே கொட்டுகின்றன. எவ்வளவு பூசியிருந்தாலும், கூடு கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போங்கள்.

வணக்கம்.