பெயர்க் கட்டத்தில் வந்த நிரல்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் குமரி மாவட்டத்தில் சின்னச் சின்னத் தொழில் செய்பவர்கள்கூட இப்போது சொந்தமாக வெப்சைட் வைத்திருக்கிறார்கள். கன்னியாகுமரியில் லாட்ஜ், மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம், தோவாளையில் பூக்கடை என்று பலருக்கும் இருக்கிறது. வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள் இருப்பதால், நிரல் எழுதத் தெரியாதவரும் பக்கம் சேர்க்கலாம், படம் மாற்றலாம். நல்ல வசதிதான். ஆனால் சைட்டைச் செய்து கொடுத்தவர் கணக்கு முடித்துப் போனபிறகு, உள்ளே இருக்கும் மென்பொருளைப் பலரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்குக் கவலை அதில்தான்.

ஸ்டோர்டு கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்று ஒரு ஓட்டை உண்டு. சபரிமலை சீசன் நேரத்தில் ஒரு லாட்ஜை வைத்துப் பார்ப்போம். அறை விசாரிக்க அதன் சைட்டில் பெயர், போன் நம்பர், செய்தி என்று கட்டங்கள் இருக்கின்றன. ஒருவன் பெயர்க் கட்டத்தில், பெயருக்குப் பதிலாக, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் ஒரு துண்டு நிரலை எழுதி அனுப்புகிறான். ஓட்டையுள்ள மென்பொருள் அதை அப்படியே டேட்டாபேஸில் சேமிக்கிறது. அப்போது ஒன்றும் நடக்காது. மறுநாள் காலை மேனேஜர் லாகின் செய்து விசாரணைப் பட்டியலைத் திறக்கிறார். லாட்ஜின் சொந்த சைட்டிலிருந்து வந்த நிரல்தானே என்று பிரவுசர் அதை நம்பி ஓட்டிவிடுகிறது. அது ஓடுவது மேனேஜரின் அதிகாரத்தில்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேனேஜர் ஏற்கெனவே லாகின் செய்துவிட்டார். எனவே பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் பயனில்லை. முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருக்கலாம். அது வழியில் யாரும் ஒட்டுக்கேட்காமல் காக்குமே தவிர, சைட்டே அனுப்பும் நிரலைத் தடுக்காது. மேனேஜர் என்னவெல்லாம் செய்ய முடியுமோ, அதையெல்லாம் அந்த ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் செய்யும். சைட்டின் முழு அதிகாரமும் உள்ள அட்மின் கணக்கு ஒன்றைப் புதிதாகத் திறக்கும். முன்பணம் கட்டச் சொல்லிக் கொடுத்திருக்கும் யுபிஐ எண்ணை மாற்றும். வேர்ட்பிரஸில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருளை பிளகின் என்பார்கள். அட்மின் பக்கத்திலிருந்தே பிளகின் கோப்புகளைத் திருத்தும் வசதி உண்டு. அதை அணைத்து வைக்காவிட்டால், அந்த வழியாக சர்வருக்குள்ளேயே நிரல் எழுதிவிடலாம். மேனேஜர் கண்ணுக்குத் தெரிவது பெயரில்லாத ஒரு வரி மட்டுமே.

நிரல் கலந்த எழுத்தை வாங்கும்போதே வடிகட்டிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 2015 ஏப்ரலில் வேர்ட்பிரஸ் 4.2-இல் நடந்ததைப் பாருங்கள். வாசகர் கருத்து எழுதும் பெட்டியில் 64 கிலோபைட்டுக்கு மேல் நீளமான எழுத்தைப் போட்டால், வடிகட்டி முழு எழுத்தையும் பார்த்து ‘சரி’ என்று விட்டுவிட்டது. அப்புறம் டேட்டாபேஸ் தன் அளவுக்கு மேல் போனதை வெட்டியது. வெட்டியதில் மேற்கோள் குறி மூடாமல் நின்று, பாதுகாப்பாக இருந்த எழுத்து ஓடக்கூடிய நிரலாக மாறியது. பின்லாந்து ஆய்வாளர் ஒருவர் இதை வெளியிட்டதும், சரிசெய்த 4.2.1 பதிப்பு உடனே வந்தது.

ஆகவே மென்பொருள் செய்பவர்கள் காட்டும் இடத்திலும் காவல் வைக்க வேண்டும். சேமித்ததைத் திரையில் காட்டும்போது, கட்டளையைத் தொடங்கி வைக்கும் கோணக் குறியை பிரவுசர் கட்டளையாக எடுக்காமல் வெறும் எழுத்தாகக் காட்டும்படி மாற்றி அனுப்ப வேண்டும். இதை எஸ்கேப்பிங் என்கிறோம். லாகின் செய்தவரை அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் சிறு தகவலுக்கு குக்கீ என்று பெயர். குக்கீயை ஸ்கிரிப்ட் படிக்காமல் மறைத்துவிட்டோம் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். குக்கீ திருடு போகாது, சரி. ஆனால் உள்ளே ஓடும் ஸ்கிரிப்ட் குக்கீயைப் படிக்காமலே வேலையை முடித்துவிடும்.

சைட் வைத்திருப்பவர்கள் அதைச் செய்தவரை இன்றே கூப்பிட்டு, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று கேளுங்கள். 2013-இல் வந்த 3.7 பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் சிறிய பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்கிறது. பிளகின்களுக்கு அந்த வசதியை நாம்தான் இயக்க வேண்டும். வேண்டாத பிளகினை அழித்துவிடுங்கள். விசாரணைகளைப் பார்க்கும் ஊழியருக்கு அட்மின் கணக்கு கொடுக்காதீர்கள்.

நம் கல்லூரி மாணவர்களுக்கும் ஒன்று. இதைச் சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால், சொந்தக் கம்ப்யூட்டரில் வேர்ட்பிரஸை நிறுவிச் செய்யுங்கள். அடுத்தவர் சைட்டில் அனுமதியில்லாமல் செய்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின் கீழ் வழக்கு வரலாம். ஓட்டை கண்டுபிடித்தால் முதலில் மென்பொருள் செய்தவருக்குத் தனியாகத் தெரிவித்து, திருத்தம் வரும்வரை பொறுத்திருங்கள். வேர்ட்பிரஸ் குழு இத்தகைய தகவல்களை ஓட்டைகளைத் தெரிவிப்பதற்கென்றே உள்ள ஹேக்கர்ஒன் தளம் வழியாகப் பெற்றுக்கொள்கிறது.