இருட்டில் ஓயாத கண்

அனைவருக்கும் வணக்கம்.

வெளிச்சம் பட்டதும் கண்ணில் உள்ள செல் விழித்துக்கொண்டு மூளைக்குச் சேதி அனுப்பும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. ஒளியை உணரும் செல்கள் இருட்டில்தான் ஓயாமல் வேலை செய்கின்றன. வெளிச்சம் பட்டால் அடங்குகின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

ஒரு குச்சி செல்லை எடுத்துக்கொள்வோம். மங்கலான வெளிச்சத்தில் நமக்குப் பார்வை தருவது இதுதான். ஒரு கண்ணின் விழித்திரையில் ஏறக்குறைய 12 கோடி குச்சி செல்கள் இருக்கின்றன. செல்லின் ஒரு முனையில் மெல்லிய சவ்வுத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றில் நிறைந்திருப்பது ரோடாப்சின். ஆப்சின் என்ற புரதமும் அதற்குள் பொருந்தி உட்கார்ந்த ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறும் சேர்ந்ததுதான் அது. இருட்டில் ரெட்டினால் வளைந்திருக்கும். ஒரு ஃபோட்டான், அதாவது ஒளியின் மிகச் சிறிய துகள், பட்டால் நிமிர்ந்துவிடும். ஒரு விநாடியை லட்சம் கோடி பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு நேரம்கூட இதற்கு ஆகாது. ஒளியின் வேலை அதோடு முடிந்தது. மிச்சமெல்லாம் வேதியியல்.

சரி, இருட்டில் அந்தச் செல் என்ன செய்துகொண்டிருந்தது? அதன் சவ்வில் அயனி வாயில்கள் திறந்தே கிடந்தன. அவற்றைத் திறந்து வைத்திருப்பது சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற பொருள். அந்த வாயில்கள் வழியே சோடியம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். செல்லின் மறுமுனை, அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லும் வேதிப்பொருளான குளூட்டமேட்டை விடாமல் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ரெட்டினால் நிமிர்ந்ததும் ஆப்சின் உருமாறுகிறது. அது டிரான்ஸ்டியூசின் என்ற புரதத்தை, ஒன்றல்ல, பலவற்றை முடுக்கிவிடுகிறது. அவை ஒரு நொதியை முடுக்க, அந்த நொதி சைக்ளிக் ஜி.எம்.பி.யைச் சிதைத்துத் தள்ளுகிறது. வாயில்கள் மூடுகின்றன. மைனஸ் 40 மில்லிவோல்ட் அருகே இருந்த மின்னழுத்தம் மைனஸ் 70ஐ நோக்கி இறங்குகிறது, குளூட்டமேட்டும் குறைகிறது. திறந்து கிடந்த குழாயைத் திருகி மூடுவது போலத்தான். அந்தக் குறைவுதான் செய்தி.

1979இல் டெனிஸ் பெய்லர், ட்ரெவர் லாம்ப், கிங்-வாய் யாவ் மூவரும் தேரையின் குச்சி செல்லை நுண்ணிய கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சிப் பிடித்து மின்னோட்டத்தை அளந்தார்கள். ஒரே ஒரு ஃபோட்டானுக்கு மின்னோட்டம் சுமார் ஒரு பிக்கோஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, குறைந்தது. இயற்பியலில் இதைவிடச் சிறிய ஒளி கிடையாது! அதையும் ஒரு செல் பதிவு செய்துவிடுகிறது.

அப்புறம், குளூட்டமேட் தரும் அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் இருமுனை செல்கள். அவற்றில் ஒரு வகை, குளூட்டமேட் குறைந்தால் கிளர்ச்சி அடையும். இன்னொரு வகை அடங்கும். ஆகவே ‘வெளிச்சம் வந்தது’, ‘வெளிச்சம் போனது’ இரண்டும் தனித்தனிப் பாதையில், விழித்திரையிலிருந்து மூளைக்குச் சேதி அனுப்பும் கேங்லியான் செல்களுக்குப் போகின்றன. விட்டு விட்டுத் துடிக்கும் நரம்புத் துடிப்புகள் பெருமளவில் அங்கேதான் பிறக்கின்றன. சுமார் 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு அவற்றை மூளைக்கு எடுத்துச் செல்கிறது.

நிமிர்ந்த ரெட்டினால் என்ன ஆனது? ஆப்சினை விட்டு விலகி, பக்கத்து நிறமிப் படலத்துக்குப் போய், மறுபடி வளைந்து திரும்ப வேண்டும். பிரகாசமான வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் பிடிப்பது இதனால்தான். இந்த ரெட்டினால் வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. விழித்திரையில் அந்த வைட்டமின் இருப்பதை 1933இல் கண்டவர் ஜார்ஜ் வால்ட். 1967இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். வைட்டமின் குறைந்தால் ரோடாப்சின் குறையும். முதலில் தெரிவது மாலைக்கண். கவனிக்காமல் விட்டால் கருவிழியே கெட்டுப் பார்வை நிரந்தரமாகப் போய்விடும்.

தடுக்கக்கூடிய இந்தக் குறையால் ஒரு குழந்தை பார்வை இழப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நம் நாட்டில் 9 மாதம் முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் இலவசமாகத் தருகிறார்கள். வீட்டில் அந்த வயதுக் குழந்தை இருந்தால், அடுத்த தவணை எப்போது என்று அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.