தூக்கமின்மைக் கேள்வித்தாள்: முதியவர்களுக்கும் அதே 15 செல்லுமா?

[திரையில்: 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை]

வணக்கம். தூக்கமின்மையை அளக்கப் பல நாடுகளில் பயன்படுவது இன்சோம்னியா செவரிட்டி இண்டெக்ஸ். மொத்தம் 28 மதிப்பெண். 15 வந்தாலே மருத்துவர் கவனிக்க வேண்டிய தூக்கமின்மை என்பது வழக்கமான கணக்கு. வேறொரு மொழியில், முதியவர்களிடம் கொடுத்தால் அதே 15 செல்லுமா?

மொழிபெயர்ப்புக்கு முறை உண்டு. இருவர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்கு மாற்றுவார். குழு ஒப்பிட்டுப் பார்க்கும். சரி, கேள்வித்தாள் தயார். நிஜமான சோதனை இனிமேல்தான்.

[திரையில்: ஒரு கேள்வி பெரிதாக]

"உங்கள் தூக்கப் பிரச்சினை மற்றவர்களுக்கு எவ்வளவு தெரிகிறது?" தனியாக வசிக்கும் 78 வயதுக்காரர் 0 போடுவார், பார்க்க ஆளே இல்லையே. "வயசானா தூக்கம் குறையத்தானே செய்யும்" என்று இருப்பவர், எவ்வளவு கவலைப்படுகிறீர்கள் என்ற கேள்விக்கும் 0 போடுவார். தினமும் விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக் கிடந்தாலும் மொத்த மதிப்பெண் 15-ஐ எட்டாமல் போகலாம்! அதனால் சில முதியவர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியும் அவர்களுக்கு எப்படிப் புரிகிறது என்று பேசவிட்டுக் கேட்க வேண்டும். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள்.

அப்புறம் எண்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதற்கு க்ரோன்பாக் ஆல்ஃபா, 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்கலாம். ஆனால் ஆல்ஃபா நன்றாக இருப்பதால் மட்டும் நோயைச் சரியாகப் பிடிக்கிறது என்று ஆகிவிடாது.

அதற்கு மருத்துவ நேர்காணல் வேண்டும். மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 விதிப்படி வாரம் 3 இரவுகளாவது, 3 மாதமாவது சிரமம் இருக்க வேண்டும். அதனால் மன உளைச்சலோ அன்றாட வாழ்வில் பாதிப்போ தெரிய வேண்டும். நேர்காணல் செய்பவருக்குக் கேள்வித்தாள் மதிப்பெண் தெரியக் கூடாது.

[திரையில்: 100 புள்ளிகள், 30 சிவப்பு]

ஒரு கணக்குக்காக, 100 பேரில் 30 பேருக்குத் தூக்கமின்மை என்று வைத்துக்கொள்வோம். கேள்வித்தாள் அதில் 24 பேரைப் பிடித்தது: உணர்திறன் 80 சதவீதம். மீதி 70 பேரில் 14 பேரைத் தவறாகச் சேர்த்தது, 56 பேரைச் சரியாக விட்டது: தனித்தன்மையும் 80 சதவீதம். எல்லையை 15-லிருந்து 11-க்கு இறக்கினால் தவறவிடுவது குறையும், வீணாகச் சேர்ப்பது கூடும்.

எது பரவாயில்லை? அடுத்த படி மருத்துவரோடு பேசுவது என்றால் எல்லையைத் தாராளமாக இறக்கலாம் என்பேன். மதிப்பெண்ணைப் பார்த்த கையோடு தூக்க மாத்திரை எழுதும் இடத்தில் கூடாது. அந்த மாத்திரையால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்து இந்த வயதில் அதிகம். அந்த 14 பேருக்கு மாத்திரை தேவையே இல்லை.