மூன்று இன்ச் வேண்டாம், தம்பி

நேயர்களுக்கு வணக்கம்.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த கார் இன்று நம் தெருவுக்கு நாலு நிற்கிறது. டீசல் கார் என்றால் அனேகமாக டர்போதான். பானெட்டைத் திறந்தால் கைப்பருமனில் ஒரு குழாய் எஞ்சின் பக்கமிருந்து கிளம்பி, ரேடியேட்டர் மாதிரி இருக்கும் ஒரு பெட்டிக்குள் போகும். அங்கிருந்து இன்னொரு குழாய் எஞ்சினுக்கே திரும்பும். அந்தப் பெட்டிதான் இன்டர்கூலர். அந்தக் குழாய்கள் எவ்வளவு பருமன் இருக்க வேண்டும் என்பதுதான் இன்று என் பேச்சு. இதில் பேச என்ன இருக்கிறது என்று நிலையத்திலேயே ஒருவர் கேட்டார். இருக்கிறது. கோயம்புத்தூரில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பையன்கள் பாதிப் பேரிடம் நான் மல்லுக்கட்டுவது இதற்காகத்தான்.

முதலில் சூட்டைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் கை வைக்க முடியாமல் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும், அவ்வளவுதான். டர்போவும் அதையே செய்கிறது. 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று, ஒரு பார் பூஸ்ட்டில், அதாவது வெளிக்காற்றைவிட ஒரு மடங்கு கூடுதல் அழுத்தத்தில், வெளியே வரும்போது சுமார் 125 டிகிரியைத் தொட்டிருக்கும். சூடான காற்று விரிந்து கிடக்கும். அதில் ஆக்சிஜன் குறைவு. பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டும் நாக்கிங் வேறு வரும். அதனால்தான் எஞ்சினுக்குள் விடுமுன் காற்றை ஆற்றுகிறோம்.

சரி, குழாய்க்கு வருவோம். பையன்கள் கேட்பது ஒரே கேள்வி. "அண்ணா, மூணு இன்ச் பைப் போட்டுரலாமா?" பூஸ்ட் ஏறுகிறது, காற்று ஏறுகிறது, அப்போது குழாயும் பெருக்க வேண்டாமா என்பது அவர்கள் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஸ்கோடா ஆக்டேவியா, பழைய 1.8 டர்போ பெட்ரோல். 1,781 சிசி. நம்மூரில் பெட்ரோல் டர்போ பைத்தியத்தைக் கிளப்பிவிட்ட வண்டிகளில் அதுவும் ஒன்று. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்று இழுக்கும். 6,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்றில், கணக்குப் போட்டால், கொஞ்சம் கழிவு போக, நொடிக்கு ஏறக்குறைய 80 லிட்டர். இப்போது கவனியுங்கள். பூஸ்ட் இல்லாமல் ஓடினாலும் 80 லிட்டர்தான், ஒரு பார் பூஸ்ட்டில் ஓடினாலும் 80 லிட்டர்தான். சிலிண்டர் பெரிதாகிவிடவில்லையே! அந்த 80 லிட்டருக்குள் காற்று நெருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது, எடை இரட்டிப்பாகிறது. குழாயில் ஓடுகிற வேகம் கூடவில்லை. பூஸ்ட்டை ஏற்றியதும் குழாய்க்குள் காற்று இரண்டு மடங்கு வேகமாகப் பறக்கிறது என்று நினைத்துத்தான் பாதிப் பேர் மூன்று இன்ச்சுக்குப் போகிறார்கள்.

அந்த 80 லிட்டர் இரண்டு இன்ச் குழாயில் போனால் மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டிய வேகம். இரண்டரை இன்ச்சில் 90 சொச்சம். மூன்று இன்ச்சில் 60 சொச்சம். இன்டர்கூலரைத் தாண்டி, ஆறிய காற்று வரும் பக்கத்துக்கு இந்தக் கணக்கு. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே காற்று சூட்டில் விரிந்திருப்பதால் இரண்டு இன்ச்சில் 180 வரை போகும். போகட்டும். பொதுவாக ஒலியின் வேகத்தில் பத்தில் நாலு பங்கைத் தாண்டக்கூடாது என்பார்கள். அது மணிக்கு 500 கிலோமீட்டர். நாம் அதன் கிட்டேகூடப் போகவில்லை.

அதற்காக இரண்டு இன்ச்சே எல்லோருக்கும் போதும் என்று சொல்ல வரவில்லை. அடர்ந்த காற்று வளைவில் திரும்பும்போது அழுத்தம் கொஞ்சம் விழும். இரண்டு இன்ச்சிலிருந்து இரண்டரைக்குப் போனால் குழாயில் விழுவது பாதிக்கும் கீழே வந்துவிடும். அந்த லாபம் நிஜம். இரண்டரையிலிருந்து மூன்றுக்குப் போனால் மிச்சமாவது ஒன்றுமில்லை, ஏனென்றால் அப்புறம் அழுத்தத்தைத் தின்பது இன்டர்கூலரின் உள்வரிகள்தான், குழாய் இல்லை.

மூன்று இன்ச்சுக்கு எதிராகப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்வது, "லேக் வரும், டர்போ தாமதமாக எழும்பும்" என்று. இதையும் நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு மீட்டர் குழாயில் இரண்டரைக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் மூன்று லிட்டர்கூட இல்லை. 3,000 ஆர்பிஎம்மில் அந்த எஞ்சின் நொடிக்கு 40 லிட்டர் இழுக்கிறது. ஆக, நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. லேக் இருப்பது டர்போவில்.

இங்கே ஒரு பழைய கதை, எனக்குப் பிடித்தது, சொல்லாமல் விட மனசில்லை. 1977-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் பிரான்ஸின் ரெனோ கம்பெனி ஃபார்முலா ஒன்னுக்கு முதல் டர்போ காரைக் கொண்டுவந்தது. 1,500 சிசி, ஆறு சிலிண்டர், ஒரே ஒரு பெரிய டர்போ. பந்தயத்தை முடிக்கவில்லை. அடிக்கடி வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு ஓரம் கட்டும். மஞ்சள் நிறக் கார் என்பதால் மஞ்சள் டீ கெட்டில் என்றே கிண்டல் செய்தார்கள். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவு லேக். அவர்கள் அந்த ஒரு பெரிய டர்போவைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன டர்போ வைத்தார்கள். 1979-இல் டிஷோனில், சொந்த மண்ணில், ஜான் பியர் ஜபூய் அந்த இரட்டை டர்போ வைத்த காரில் ஜெயித்தார். டர்போ காருக்கு ஃபார்முலா ஒன்னில் கிடைத்த முதல் வெற்றி அது. லேக் பற்றி யார் என்னிடம் பேச வந்தாலும் இந்தக் கதையைக் கேட்காமல் போக முடியாது.

சரி, அப்படியானால் மூன்று இன்ச்சில் எனக்கு என்ன பகை? ஜாயின்ட்.

ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. இரண்டு இன்ச் குழாயின் வாயைத் தள்ளும் விசை 20 கிலோ. இரண்டரையில் 32. மூன்றில் 46 கிலோ. ஒவ்வொரு வளைவிலும் குழாய்களை இணைக்கும் ஹோஸைப் பிடுங்க இந்த விசை காத்திருக்கிறது. ஒரு பையன் இப்படித்தான் தன் ஆக்டேவியாவுக்கு வேறெங்கோ மூன்று இன்ச் போட்டுக்கொண்டு வந்தான். பம்பரை அறுத்து, ரேடியேட்டரைத் தள்ளி, வழி இல்லாத இடத்தில் நாலு வளைவு திருப்பியிருந்தார்கள். குழாய் நுனி வழவழவென்று. அதன்மேல் சாதாரண ஹோஸ் கிளிப். வாளையாறு தாண்டி ஓவர்டேக் எடுத்தால் டப் என்று கழன்றுவிடுமாம். கழன்றதும் கறுப்புப் புகை. காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அளந்த காற்று வழியில் போய்விட்டது, பெட்ரோல் மட்டும் கணக்குப்படி உள்ளே போகிறது. புகை வராமல் என்ன செய்யும்?

அந்த வண்டியில் டர்போவின் வாய் இரண்டு இன்ச்சுக்கும் குறைவு. எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலின் வாய் 60 மில்லிமீட்டரை ஒட்டி. இரண்டு வாய்க்கும் நடுவே மூன்று இன்ச் போட்டால் காற்று திடீரென்று விரிந்து, திடீரென்று சுருங்க வேண்டும். அங்கேதான் நஷ்டம். டர்போ பக்கம் இரண்டு இன்ச், த்ராட்டில் பக்கம் இரண்டரை இன்ச் வைத்தோம். அளவு மாறுமிடத்தில் நீளமான கூம்பு. நுனியில் வரம்பு எழுப்பி, சிலிகான் ஹோஸ் மாட்டி, போல்ட் கிளாம்ப் போட்டோம். வளைவு இரண்டு குறைந்தது. அப்புறம் கழன்றதாகத் தகவல் இல்லை.

ஆகவே முதலில் இரண்டு வாயையும் அளங்கள். அப்புறம் வழியைப் பாருங்கள்: குறைந்த தூரம், குறைந்த வளைவு. பருமன் கடைசிக் கேள்வி. அந்த வண்டியின் 150 குதிரைச் சக்தியை 200-க்குக் கொண்டுபோகிறவருக்கும் இதே பதில்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். வேகமாகச் சொல்கிறேன். மணல் அடைத்துச் சூடாக்கி வளைத்த குழாயா? உள்ளே ஒரு மணல்கூட இல்லாமல் கழுவுங்கள், அதைத் தின்னப்போவது எஞ்சின். அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங் என்றால் உள்பக்கப் பிசிறைத் தேய்த்தெடுங்கள். லீக் பார்க்க டர்போ காற்றை இழுக்கும் வாயில் பிவிசி மூடி, அதில் ட்யூப்லெஸ் வால்வு, கம்ப்ரஸரில் 10 முதல் 15 பிஎஸ்ஐ காற்று, ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர். ஹோஸுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள், இல்லையென்றால் வழுக்கிக் கழலும்.

தண்ணீரில் ஆற்றும் இன்டர்கூலர் பற்றித் தனியாகச் சொல்ல வைத்திருந்தேன். ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் கார்களின் 1.0 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சினில் அது காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, முன்பக்கம் போய்த் திரும்பும் அந்த நீளக் குழாயே கிடையாது. அந்த வண்டிக்காரர்கள் பைப் மாற்ற என்னிடம் வர வேண்டாம். வணக்கம்.