தரையில் சொட்டாத எண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம். மேலப்பாளையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருசக்கர வண்டிப் பட்டறை நடத்தி வருகிறேன். முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முன்னீர்பள்ளத்திலிருந்து ஒரு பால்காரர் வருவார். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி, இருபுறமும் பால் கேன்கள். "அண்ணாச்சி, கொசுமருந்து அடிப்பது போலப் புகைகிறது. பிளக்கைத் தினமும் கழற்றித் துடைக்கிறேன்" என்றார். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லி, சிலிண்டரை ரீபோர் செய்து (உள்சுவரைக் கடைந்து), புது பிஸ்டனும் போட்டுக் கொடுத்தேன். பத்தே நாளில் அதே புகையோடு வந்து நின்றார். கியர் எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் வீட்டு முற்றத்தில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை என்றார். அதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

எண்ணெய் எங்கே போயிற்று? டூ-ஸ்ட்ரோக் என்ஜினில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் என்ற தண்டு சுழலும் அறைக்கும் வேலை உண்டு. பிஸ்டன் மேலே ஏறும்போது அந்த அறை பெட்ரோல் கலவையை உறிஞ்சும். இறங்கும்போது அழுத்தி மேலே அனுப்பும். கிராங்கின் இரு பக்கமும் கசிவைத் தடுக்க இருக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்கள்தாம் அந்த அறையின் கதவுகள். கிளட்ச் பக்கத்துச் சீல் கெட்டால், உறிஞ்சும் போதெல்லாம் அங்கிருக்கும் கியர் எண்ணெயும் உள்ளே போய் எரியும். வெளியே ஒழுகாது, புகையாகப் போய்விடும். பெட்ரோல் கலவை அதே சீல் வழியாகக் கியர் எண்ணெய்க்குள் கசிவதும் உண்டு. கியர் எண்ணெயை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது. மறுபுறம், மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் பக்கத்துச் சீல் கெட்டாலோ புகையே வராது. காற்றுப் புகுந்து கலவை நீர்த்துப்போகும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வண்டி இரைந்துகொண்டிருக்கும். என்ஜின் கொதித்து, கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புகைகிற வண்டியைவிட எனக்கு இதுதான் பயம்.

நம் ஊரில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளான ஆர்எக்ஸ் 100, பழைய யெஸ்டி இரண்டுமே 1996-இல் உற்பத்தி நின்றவை. அப்பா வைத்திருந்த வண்டி என்று திண்ணையோரம் மூடி வைத்து, இப்போது வெளியே எடுக்கிறார்கள். ஓடாத வண்டியிலும் சீலின் ரப்பர் காய்ந்து இறுகும்.

"சீலை மாற்ற வேண்டும்" என்றதும் பால்காரர் திகைத்தார். வீட்டுக்காரியின் சீலை இல்லை, வண்டியின் சீல் என்று விளக்க வேண்டியிருந்தது. பாரத்தால் அவருடைய கிளட்சும் வழுக்கிக்கொண்டிருந்தது. கிளட்சைக் கழற்றினால்தான் அந்தச் சீலின் முகமே தெரியும் என்பதால் இரண்டையும் ஒன்றாக முடிப்பதே புத்திசாலித்தனம்.

எண்ணெயை வடித்து மூடியைத் திறந்தபின், எஃகுத் தட்டுகளை ஒரு கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்தது, நீலம் பாரித்தால் வெந்தது. ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தினால் குட்டையானவை கண்ணில் படும். புது பிளேட்டுகளை முந்தின இரவே எண்ணெயில் போட்டுவிடுங்கள், உளுந்தை ஊறப்போடுவது போல. நடு நட்டை உளியால் அடித்துச் சுழற்றுகிறவர்கள் உண்டு; அந்த வழக்கம் எனக்குப் பிடிக்காது. கிளட்சைப் பிடித்து நிறுத்தும் கருவி பெரிய விலையில்லை.

கிராங்கின் பல்சக்கரத்தைக் கழற்றும்போது, அதைத் தண்டோடு பூட்டும் சாவி என்ற சின்ன இரும்புத் துண்டு வழுக்கி விழும், பத்திரம். பின்னால் இருக்கும் வளையத்தை நகத்தால் தடவுங்கள். சீலின் உதடு உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தால் வளையத்தையும் மாற்ற வேண்டும். இல்லையேல் புதுச் சீலும் கசியும். பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொண்டு, தண்டிலும் என்ஜின் ஓட்டிலும் கீறல் படாமல் நெம்பி எடுங்கள். அளவு அதன் முகத்திலேயே மில்லிமீட்டரில் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். சில மாடல்களில் என்ஜினைப் பிளந்தால்தான் சீல் வெளியே வரும். அங்கே பலவந்தம் வேண்டாம்.

புதியதன் உதட்டில் கிரீஸ் தடவி, தண்டின் மரையில் மெல்லிய டேப் சுற்றி, சரியான அளவு பாக்ஸ் ஸ்பேனரை வைத்து நாலாபுறமும் சமமாகத் தட்டி இறக்குங்கள். கோணலாக இறங்கியது மறுபடி கசியும். ஊற்றும் எண்ணெயும் வண்டிக்கு உரியதாக இருக்கட்டும். கார் எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு இருப்பதால் புது கிளட்சும் வழுக்கும்.

இந்த முறை பால்காரரிடம் கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். "அண்ணாச்சி, இன்னும் புகைகிறதே!" சைலன்சரில் இத்தனை நாள் தேங்கிய எண்ணெய் எரிந்து தீர வேண்டாமா? கேன்களை இறக்கிவைத்துவிட்டு சேரன்மகாதேவி வரை ஒருமுறை போய் வரச் சொன்னேன். பத்தமடை தாண்டியதும் புகை நின்றுவிட்டதாம்.