காசநோய்ச் சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நுரையீரல் காசநோய்க்கு அரசுத் திட்டத்தில் சிகிச்சை பெறும் ஒவ்வொருவரைப் பற்றியும் கடைசியில் பதிவேட்டில் ஒரு முடிவு எழுதப்படுகிறது. கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று உறுதியானவர் குணமடைந்தவர். மாத்திரைகளை முழுமையாக உட்கொண்டும் அந்தப் பரிசோதனை முடிவு கிடைக்காதவர் சிகிச்சையை முடித்தவர். இவ்விருவரையும் சேர்த்தே வெற்றி விழுக்காடு கணக்கிடப்படுகிறது. அந்த எண் உயர்ந்திருப்பது கண்டு நிறைவடைந்துவிடாமல், இறந்தவர்கள் எப்போது, எந்த நிலையில் இறந்தார்கள் என்றும் நாம் கேட்டாக வேண்டும்.

காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. இவர்களில் பலர் மருந்தை நிறுத்தியவர்கள் அல்லர். உடல் மிகவும் மெலிந்து, மூச்சு வாங்கும் நிலையில், காலம் தாழ்த்தி வந்து சேர்ந்தவர்கள்.

1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தபடியே ஓராண்டு மருந்து உட்கொண்டவர்களும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள் என்றும், வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை என்றும் காட்டியது. உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தை மாற்றியமைத்த முடிவு அது. நம் ஊரில் கிடைத்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பெரும்பாலானோருக்கு வீடே போதும் என்பதால், படுக்கை தேவைப்படும் சிலரை நாம் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இந்தச் சிலரைத்தான் தேடுகிறது. நோய் உறுதியானவுடன் சுகாதாரப் பணியாளர் உயரத்தையும் எடையையும் அளந்து, காலில் வீக்கம் உள்ளதா, மூச்சு வேகமாக இருக்கிறதா, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியுள்ளதா, பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்பவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புகிறார். எடைபோடும் கருவியும், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும், சில நிமிடப் பொறுமையுமே இதற்குப் போதும்.

உணவின் பங்கும் சிறிதன்று. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 60 விழுக்காடு குறைந்திருந்தது. 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஊட்டச்சத்து உதவித்தொகை தொடக்க வாரங்களிலேயே கைக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உங்கள் வீட்டில் யாரேனும் சிகிச்சையில் இருந்தால், அவருடைய எடையை மாதந்தோறும் பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டாம் மாத முடிவிலும் எடை கூடவில்லையென்றால், மாத்திரை தவறாமல் போகிறது என்று சும்மா இருந்துவிடாமல், அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று காட்டுங்கள்.