ஃபேனுக்குக் கண்டென்சர் போயிருக்கு, மேடம்

வணக்கம். மனச்சோர்வில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையைக் கவுன்சலிங்குக்கு வரவைப்பதுதான் கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முதல் சிட்டிங்குக்கு எப்படியாவது வந்துவிடுவார்கள், அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்துவிடுவார். அடுத்த வாரமும் வரவேண்டுமே, அதற்கடுத்த வாரமும் வரவேண்டுமே. கவுன்சலராக என் அனுபவத்தில் மூணாவது, நாலாவது சிட்டிங்கில்தான் பிள்ளைகள் நழுவுகிறார்கள்.

ஒரு பையன். அடையாளம் தெரியாதபடி சில விஷயங்களை மாற்றித்தான் சொல்கிறேன். பத்தாவது படிக்கிறான், அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். முதல் இரண்டு வாரம் அவன் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல், "தெரியல." தூக்கம் எப்படி? தெரியல. பசிக்கிறதா? தெரியல. மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள், இந்த வயதில் அது பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வரும், அதை நாம் திமிர் என்று சொல்லிவிடுவோம். யோசனை ஒரு இடத்தில் நிற்காது, அதனால் அந்தத் "தெரியல" பாதி நேரம் உண்மையாகவே தெரியாததுதான்.

மூணாவது வாரம் நானும் களைத்துப்போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மேலே பார்த்துக்கொண்டே சொன்னான், "ஃபேனுக்குக் கண்டென்சர் போயிருக்கு, மேடம். அதான் அஞ்சுல வச்சாலும் மெதுவா சுத்துது." எனக்கு ஒன்றும் புரியவில்லை, கண்டென்சர் என்றால் என்ன என்று கேட்டேன். அவ்வளவுதான், இருபது நிமிஷம் பேசினான். அடுத்த வாரம் சட்டைப் பையில் ஒன்றைக் கொண்டே வந்துவிட்டான், தீப்பெட்டி அளவுகூட இருக்காது, அதில் 2.5 என்று போட்டிருந்தது. வாட்ச்மேனிடம் ஸ்டூல் வாங்கி, மெயினை அணைத்துவிட்டு, அவனே மாட்டினான். ஃபேன் சுற்றிய வேகத்தில் என் மேஜைக் காகிதம் எல்லாம் பறந்தது. அன்றைக்குத்தான் அவன் சிரித்து நான் பார்த்தேன். இதெல்லாம் சிகிச்சையா என்று கேட்பீர்கள். ஆமாம், சிகிச்சைதான். எல்லாப் பக்கமும் தோற்றுக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளைக்கு, ஏதோ ஒன்றில் நம்மைவிட விஷயம் தெரிந்தவனாக உட்கார ஓர் இடம் கிடைத்தது.

சரி, இதோடு கதை முடிந்திருந்தால் நான் நல்ல பெயர் வாங்கியிருப்பேன். ஏழாவது வாரம் வெளியே வராந்தாவில் அவன் அம்மா, "ஸ்கூலைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா, மேடம்?" என்று கேட்க, நான் போகிற போக்கில், "டியூஷனைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு வாக்கியம். அன்று ராத்திரி வீட்டில் அப்பா, "டியூஷன் வேண்டாம்னு அங்க போய் ஒப்பிச்சியா?" என்று ஏறியிருக்கிறார். அடுத்த வாரம் பையன் வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, ஃபைலில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன்.

யார் ஒத்துழைக்கவில்லை? நான்தானே. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் தவிர, நீ சொல்வது இந்த அறையைத் தாண்டாது என்று முதல் நாள் சொன்னவளே நான்தான்.

இங்கிலாந்தில் 11 முதல் 17 வயது வரை 465 பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 2017இல் முடிவு வந்தது. மூன்று விதமான பேச்சு சிகிச்சைகளைக் கொடுத்துப் பார்த்ததில், ஒன்று மற்றொன்றைவிட உசத்தி என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். பாதியில் நின்ற சிலரைத் தேடிப்பிடித்து ஏன் நின்றீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சிலர், எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது என்றார்கள். சிலருக்கு வீட்டு நிலவரமே ஆட்டம் கண்டிருந்தது. மற்றவர்கள், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தின் சிட்டிங் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டால், கவுன்சலருக்கும் பிள்ளைக்கும் நடுவே விழுந்த விரிசல் அப்படியே கிடந்திருக்கிறது, அதில் கவுன்சலரின் பங்கும் இருந்திருக்கிறது. என் ஃபைல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். "தப்பு என்னோடதுப்பா. திட்டணும்னா வந்து திட்டிட்டுப் போ." இரண்டு வாரம் கழித்து வந்தான். உட்கார்ந்தவன் ஃபேனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லியிருக்கக் கூடாது, மேடம்." கண்டென்சரைத் தவிர்த்து அவன் என்னிடம் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அன்றிலிருந்துதான் உண்மையான வேலையே ஆரம்பித்தது.

அதனால் பெற்றோரே, உள்ளே என்ன பேசினாய் என்று ஆட்டோவில் வைத்துக் கேட்காதீர்கள். டீ குடிக்கிறாயா என்று கேளுங்கள், போதும். கேட்காதீர்கள், மறுபடியும் சொல்கிறேன்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரலைக் காட்டிவிட்டார்கள். காலை பத்து மணிக்கு நேரம் வாங்காதீர்கள், ராத்திரியெல்லாம் தூங்காத பிள்ளை எழவே மாட்டான், சாயங்காலம் கேளுங்கள். போனில் பேசும் சிட்டிங் என்றால், ஒரே அறை வீடாக இருந்தாலும் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள். பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக எழுதி வந்திருந்தேன், இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். அவசரம் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். 1, 4, 4, 1, 6. வணக்கம்.